ரஃபியனின் வலது முன்கால்

கால்தானே உடைந்தது, அதற்காகக் குதிரையைக் கொல்வானேன்? 2007-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'ரஃபியன்' படத்தைப் பார்த்து முடித்தவர்களில் பலர் இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருப்பார்கள். பயிற்சியாளர் ஃபிராங்க் வைட்லியாகச் சாம் ஷெப்பர்ட் நடித்திருந்தார். படம் நம்மை அழவைக்கிறது, அதோடு தன் வேலை முடிந்ததென்று ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு தொலைக்காட்சிப் படம் எலும்பியல் பாடம் நடத்த முடியாதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விதி, பேராசை, ஜாக்கியின் தவறு என்று என்ன பதில் சொன்னாலும் பாதிதான் தேறும். மீதிப் பதில் குதிரையின் கால் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஃபியன் 1972 ஏப்ரலில் கென்டக்கியில் பிறந்த கருந்தவிட்டு நிறப் பெட்டைக் குதிரை. பத்துப் பந்தயங்கள் ஓடிப் பத்திலும் வென்றது. அவற்றில் தூரம் அளக்கும் எந்தக் கம்பத்திலும் வேறொரு குதிரை அதற்கு முன்னால் இருந்ததில்லை. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் திடலில் அதையும், அந்த ஆண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபூலிஷ் பிளெஷர் என்ற ஆண் குதிரையையும் தனியாக மோதவிட்டார்கள். இரண்டே குதிரைகள், ஒன்றேகால் மைல். திடலில் ஐம்பதாயிரம் பேர், தொலைக்காட்சியில் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர். அரைக் குதிரை நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது 'படக்'கென்று ஒரு சத்தம். இரண்டு ஜாக்கிகளுக்குமே அது கேட்டது. ரஃபியன் மேல் இருந்த ஹசின்டோ வாஸ்கெஸ் கடிவாளத்தை இழுத்துப் பார்த்தார், குதிரை நிற்கவில்லை. உடைந்த காலோடு இன்னும் பல பாய்ச்சல் ஓடியது. மறுநாள் பொழுது விடிவதற்குள் ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிட்டார்கள்.

நம் பக்கத்துக்குக் குதிரைப் பந்தயம் புதிதல்ல. பினாங்கு டர்ஃப் கிளப் தொடங்கியது 1864-இல். பினாங்குப் பாலம் வருவதற்கு முன்பு சுங்கை பட்டாணி, திகாம் பத்து வட்டாரத்திலிருந்து பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறி, பத்து காந்தோங் திடலுக்குப் போனவர்கள் உண்டு. ஆனால் கெடாவில் குதிரை என்றதும் காலைவிட எண்தான் முதலில் நினைவுக்கு வரும். 1951 வாக்கில் இந்த மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து எண் சீட்டு விற்றதில் தொடங்கியதுதான் இன்றைய 'நாலு நம்பர்' என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அந்த விளையாட்டு பின்னால் டர்ஃப் கிளப்புகளின் நிழலில் வளர்ந்தது உண்மை. குதிரையின் கால் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே அதன் பெயரில் பணம் போட்டவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருந்தார்கள்.

அந்தக் காலைப் பார்ப்போம். குதிரையின் முன்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே நீளமாக இறங்கும் ஒற்றை எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு நேராக இருக்கும் எலும்பு. குளம்பு, அந்த நடுவிரலின் நகம். அதாவது ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு ஒன்று, நான்கு நடுவிரல்களின் நக நுனியில் நிற்கிறது, நடக்கிறது, மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மற்ற விரல்கள் எங்கே போயின? அந்த நடு எலும்பின் இருபுறமும் குச்சி போல இரண்டு மெல்லிய எலும்புகள் பாதி வழியில் கூர்ந்து நின்றுவிடும். காணாமல் போன விரல்களில் மிச்சம் அவ்வளவுதான்.

விரல்கள் இருந்த காலத்துக் கால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க அமெரிக்காவின் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியதில்லை. மூடா ஆற்றின் தலைப்பகுதியில், உலு மூடா காட்டில், அந்த மாதிரிக் கால் இன்றும் நடமாடுகிறது. முன்பாதி கறுப்பும் நடுவில் வெள்ளையுமாக, நீண்ட மூக்கோடு இருக்கும் தாபிர் குதிரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். குதிரை, தாபிர், காண்டாமிருகம் மூன்றும் ஒரே கொடியில் வந்தவை. தாபிரின் முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் காட்டில் இலை மேய்ந்துகொண்டிருந்த, நாய் அளவே இருந்த ஆதிக் குதிரைக்கும் இதே கணக்குதான். சேற்றுத் தரையில் பரந்து பதியும் கால் அது. தாபிர் காட்டிலேயே இருந்துவிட்டது. குதிரையின் முன்னோர்கள் புல்வெளிக்கு வந்தார்கள். அங்கே ஒளிய மரமில்லை, ஓடித்தான் பிழைக்கவேண்டும்.

வேகமாக ஓட, காலை வேகமாக முன்னும் பின்னும் வீசவேண்டும். வீசும் கம்பின் நுனியில் எடை இருந்தால் வேகம் குறையும். ஆகவே பரிணாமம் குதிரையின் கீழ்க்காலில் இருந்த தசையை எல்லாம் மேலே தோளுக்கும் தொடைக்கும் ஏற்றிவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே இன்று அதற்குத் தசை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. எலும்பு, தசைநாண், தசைநார், மெல்லிய தோல், அவ்வளவுதான். ஒரு காலத்தில் தசையாக இருந்து வேலை மாறியதும் உண்டு. நடு எலும்பின் பின்புறம் ஒட்டி இறங்கும் தொங்கு தசைநார் ஆதியில் விரலை மடக்கிய தசை. இன்றும் அதை நுண்ணோக்கியில் பார்த்தால் நாருக்கு நடுவே கொஞ்சம் தசை இழைகள் தென்படும்.

அந்தத் தொங்கு தசைநார் கீழே இறங்கி இரண்டாகப் பிரிந்து, குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்னால் இரண்டு சிறு எலும்புகளைப் பிடித்துக்கொள்கிறது. எள்ளெலும்பு வகையைச் சேர்ந்த செசமாய்ட் எலும்புகள் அவை. கூர்நுனி மேலே இருக்கும் சின்னக் கூம்பு வடிவம், கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. அவற்றுக்குக் கீழிருந்து வேறு தசைநார்கள் கிளம்பி விரல் எலும்புகளில் போய் ஒட்டுகின்றன. மூட்டின் பின்னால் இப்படி ஒரு தொட்டில். குதிரை பாய்ந்து ஓடும்போது ஒரு முன்கால் மட்டும் தரையில் ஊன்றி நிற்கும் கணம் ஒன்று உண்டு, ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு சுமை அந்த ஒரு காலில் இறங்குகிறது. மூட்டு பின்பக்கமாகத் தரையைத் தொடும் அளவுக்கு வளைகிறது. அது மடிந்து போகாமல் தாங்குவது அந்தத் தொட்டில்தான், தொட்டிலின் நடுவே இருப்பவை அந்த இரண்டு சிறு எலும்புகள். ரஃபியனின் வலது முன்காலில் உடைந்தவை அவை இரண்டுமே.

தசையே இல்லாமல் கால் எப்படித் திரும்ப எழும்புகிறது? தசைநாண்தான். கால் ஊன்றும்போது அது நீண்டு விசையைச் சேர்த்துக்கொள்ளும், கிளம்பும்போது சுருங்கி அதைத் திருப்பிக் கொடுக்கும். பால்மரக் காட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்டிவில்லின் ரப்பரைச் சொன்னாலே போதும். ஆனால் ரப்பரைத் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டால் கையில் சூடு தெரியுமே, அதே கணக்கு இங்கும் உண்டு. வாங்கிய விசையில் ஒரு சிறு பங்கு வெப்பமாகிறது. பாய்ச்சல் ஓட்டத்தில் தசைநாணின் மையம் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் என்று அளந்திருக்கிறார்கள். பல உயிரணுக்கள் தாங்காத சூடு அது. அதோடு, தசைநாண் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகில்தான் ஒவ்வொரு பாய்ச்சலிலும் நீள்கிறது. பொறியாளர் ஒருவர் பாலம் கட்டும்போது வரப்போகும் சுமையைப் போலப் பல மடங்கு தாங்கும்படி கட்டுவார். குதிரையின் காலில் அந்தக் கூடுதல் இருப்பு கிடையாது. இருப்பு வைத்தால் எடை கூடும், எடை கூடினால் வேகம் போய்விடும்.

இந்த இருப்பில்லாத வாழ்க்கை காலோடு நிற்பதில்லை. ஓடும் குதிரைக்கு உடல் சூட்டைத் தணிக்க வியர்வைதான் வழி. கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கப்பலேறி வந்தன. வந்து சில மாதங்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். ஓடிவிட்டு வரும், மூச்சு இரைக்கும், உடம்பு கொதிக்கும், ரோமம் மட்டும் காய்ந்து கிடக்கும். 'உலர்ந்த ரோமம்' என்றே வெள்ளைக்காரர்கள் அந்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள். குதிரையின் வியர்வைச் சுரப்பிகளை அட்ரினலின் முடுக்குகிறது. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இரவிலும் ஓய்வு தராமல் அந்த முடுக்கத்தைத் தொடர, சுரப்பி ஒரு கட்டத்தில் மறுமொழி சொல்வதை நிறுத்திவிடுகிறது என்பது இன்றைய விளக்கங்களில் ஒன்று. மருந்து எதுவும் நிச்சயமில்லை. குளிர்ந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

ரஃபியனுக்கு வருவோம். செசமாய்ட் இரண்டும் போனதும் தொட்டில் அறுந்தது, மூட்டு தரையில் இடிந்தது. எலும்பு முனைகள் தோலைக் கிழித்து வெளியே வந்தன, கிழிந்த இடத்தில் திடலின் மண் புகுந்தது. தசைப் போர்வை இல்லாத இடத்தில் முறிவு என்றால் இப்படி ஆவது எளிது. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு, ஆறுவதும் மெதுவு, கிருமி புகுந்தால் மருந்து போய்ச் சேர்வதும் கடினம். அதற்குள் குதிரை நிற்காமல் ஓடியதில் மிச்சமிருந்த நார்களும் இரத்தக் குழாய்களும் நைந்துவிட்டன. வலி தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றும். ஓட்டத்தின் உச்சத்தில் இதயம் நிமிடத்துக்கு இருநூறு முறைக்கு மேல் துடிக்கும்போது, உடலில் அட்ரினலின் நிரம்பியிருக்கும்போது, வலி பின்தங்கித்தான் வரும். புல்வெளியில் காயம்பட்டு நின்ற குதிரையைப் புலியோ ஓநாயோ தின்றுவிட்டது. நிற்காதவற்றின் வாரிசுகள்தாம் இன்றைய குதிரைகள்.

அன்றிரவு அறுவை நடந்தது. இரண்டு முறை மூச்சு நின்று, இரண்டு முறையும் மருத்துவர்கள் மீட்டார்கள். கால் கழுவப்பட்டது, கனமான கட்டுப் போடப்பட்டது. அதுவரை நம்பிக்கைக்கு இடமிருந்தது. மயக்கம் தெளிந்ததுதான் வினையாகிவிட்டது. பஞ்சு மெத்தை பதித்த அறையில் படுத்தபடியே ரஃபியன் கால்களை வீசி ஓடத் தொடங்கியது, பந்தயம் இன்னும் முடியாதது போல. கட்டு முழங்கையில் மோதி மோதி அங்கேயும் எலும்பு உடைந்தது, கட்டு நழுவியது, ஒட்டவைத்ததெல்லாம் சிதறியது. ரஃபியனைக் கொன்றது முறிவு என்பதைவிட, விழிப்பு என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதில் ரஃபியனின் குணத்துக்குப் பெரிய பங்கில்லை, எந்தக் குதிரையும் அந்த ஆபத்தில் இருக்கிறது. மனிதரை மயக்கமருந்து கொடுத்து அறுத்தால், அந்த மருந்தாலேயே சாவது லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் பேசுவார்கள். குதிரைகளில் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. நவீன மருந்துகள் வந்த பிறகும் அந்த எண் பெரிதாக இறங்கவில்லை. மேசையில் மணிக்கணக்கில் கிடந்தால் தன் எடையே தன் தசையையும் நுரையீரலையும் நசுக்கிவிடும். விழித்ததும் முதல் எண்ணம் எழுந்து ஓடு என்பதுதான். கால் இன்னும் மரத்திருக்கும், தலை சுற்றும், ஆனாலும் எழும், விழும், மீண்டும் எழும். அப்படி எழும் முயற்சியில் நல்ல காலையே உடைத்துக்கொள்ளும் குதிரைகளும் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு நீச்சல்குளம் வைத்திருக்கிறார்கள். மயங்கிய குதிரையை ரப்பர் மிதவையில் மாட்டித் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அது விழித்து, தண்ணீரிலேயே ஓடித் தீர்த்து, அடங்கிய பிறகுதான் தூக்கித் தரையில் நிறுத்துவார்கள்.

2006-இல் அந்தக் குளத்தில் கண்விழித்த பிரபலம் பார்பரோ. அந்த ஆண்டு மே மாதம் கென்டக்கி டெர்பியை வென்று, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்த குதிரை. டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு தகடும் 27 திருகாணிகளும் வைத்து அந்தக் காலைச் சேர்த்தார். விழிப்பும் நல்லபடியாக நடந்தது, எலும்பும் கூடிவந்தது. ஆனால் ஜூலையில் இடது பின்காலின் குளம்பு கழன்றுகொள்ள ஆரம்பித்தது, உடைந்த காலுக்குப் பதிலாக எடையைச் சுமந்த நல்ல கால். 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவையும் ஊசி போட்டு முடிக்கவேண்டியதாயிற்று.

குளம்புக்குள் இருக்கும் எலும்பு அடித்தட்டில் உட்கார்ந்திருப்பதில்லை, சுவரிலிருந்து தொங்குகிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மென்தகடுகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான துணைத் தகடுகள், சுவரிலிருந்து வருபவையும் எலும்பிலிருந்து வருபவையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து அதைப் பிடித்திருக்கின்றன. உயிருள்ள திசு அது, இரத்தம் தொடர்ந்து போகவேண்டும். நின்றுகொண்டிருக்கும் குதிரையைக் கவனித்தால் தெரியும், நிமிடத்துக்குப் பலமுறை எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றம்தான் மென்தகடுகளுக்குள் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு கால் வலித்து ஊன்ற முடியாமல் போனால் மறுகாலுக்கு ஓய்வே கிடைக்காது, தகடுகள் சர்க்கரைக்குப் பட்டினி கிடந்து மெல்ல விடுபடும். ஆண்ட்ரூ வான் எப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் குளம்புக்குள் நுண்குழாய் செலுத்தி இந்தப் பட்டினியை அளந்து காட்டினார். படுக்கவைத்துவிடலாமே என்றால், நாள்கணக்கில் படுத்துக்கிடக்க குதிரையால் முடியாது. ஒரு கால் போனால் நான்கும் போகும் என்று லாயக்காரர்கள் சொல்வதில் மிகையில்லை.

சரி, ஆனால் அந்தக் கால் ஏன் உடைந்தது? படத்தில் அது இடி விழுந்தது போல வருகிறது. ஒரு கணம் முன்பு நலம், மறுகணம் முறிவு. இங்கேதான் படத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 1990 முதல் கலிபோர்னியாவின் பந்தயத் திடல்களில் இறக்கும் குதிரைகளை எல்லாம் உடற்கூறாய்வு செய்கிறார்கள். டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சூ ஸ்டோவரும் அவர் குழுவினரும் எலும்பு எலும்பாகப் பார்த்ததில், திடீர் முறிவு என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை திடீரென்று நடந்தவை அல்ல என்று தெரியவந்தது. முறிவு ஓடிய அதே கோட்டில் பழைய நுண்விரிசல்களும், ஆறப் பார்த்து ஆறாத தழும்புகளும் இருந்தன.

எலும்பு உயிருள்ளது. சுமை ஏறினால் தடிக்கும், அளவான ஓட்டம் இளங்குதிரைக்கு நல்லதே. ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களையும் விட்டுச்செல்கிறது. அவற்றைச் சரிசெய்ய உடல் முதலில் பழுதான எலும்பைத் தின்று குழி பறிக்கும், பிறகுதான் புது எலும்பால் நிரப்பும். தின்பது சில வாரங்களில் முடியும், நிரப்பி முறுக்கேற்ற மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். குதிரையோ ஓய்வெடுத்துத் தெம்பாகத் துள்ளும். நுரையீரலும் தசையும் தயார் என்று சொல்லும், எலும்பு தயாராக இருக்காது. ஓய்வுக்குப் பின் அவசரமாக வேகம் கூட்டுவது ஆபத்து என்பது இதனால்தான். ரஃபியனுக்கே 1974-இல் வலது பின்காலில் மயிரிழை விரிசல் கண்டு, அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஓடாமல் இருந்தது. முறிந்தது வேறு கால், ஒன்றுக்கும் மற்றதுக்கும் முடிச்சுப் போட முடியாது. ஆனால் அதன் தகப்பனும் தாயும்கூடப் பின்னாளில் கால் முறிந்தே மாண்டன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தின் எலும்பைப் பற்றி யோசிக்கத் தோன்றுகிறது.

நுண்விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் விழுவதில்லை. 2019-இன் முதல் மூன்று மாதங்களில் கலிபோர்னியாவின் சான்டா அனிடா திடலில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்து, ஊரே கொதித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே ஒரு பெட் ஸ்கேன் கருவியை நிறுவினார்கள். கதிரியக்க ஃபுளோரைடை ஊசியில் ஏற்றினால், எலும்பு எங்கே மும்முரமாகத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கிறதோ அங்கே போய் அது சேரும். குதிரையை மயக்கவேண்டாம், லேசான மருந்தில் நிற்கவைத்து, கருவியின் வளையத்தைக் காலைச் சுற்றி மாட்டினால் போதும். செசமாய்டில் ஒளிப்புள்ளி தெரிந்தால் அந்தக் குதிரைக்கு ஓய்வு. அமெரிக்கத் திடல்களில் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2009-இல் இரண்டு குதிரைகள் செத்துக்கொண்டிருந்தன, 2023-இல் அது 1.32 ஆனது. குறைந்ததற்கு இந்தக் கருவி மட்டும் காரணமில்லை. திடலின் தரை, வலிமறைக்கும் மருந்துகள்மீது வந்த கட்டுப்பாடு, பந்தயத்துக்கு முந்தைய சோதனை எல்லாம் சேர்ந்துதான் குறைந்தது.

விரிசல் உடைப்பாகும் முன்பே தெரிந்துவிட்டால் இன்னொரு வழியும் திறக்கிறது. நடு எலும்பின் கீழ்நுனியில் விலகாத விரிசல் என்றால், குதிரையை நிற்கவைத்தே, காலை மட்டும் மரக்கச் செய்து, திருகாணி ஏற்றிவிடுகிறார்கள். மயக்கமே இல்லாதபோது மயக்கம் தெளியும் அபாயமும் இல்லை. அப்படித் திருகாணி ஏறிய குதிரைகளில் பல திடலுக்குத் திரும்பியிருக்கின்றன. இரண்டு செசமாய்டும் போய்த் தொட்டில் அறுந்த காலுக்கு இது உதவாது. அங்கே செய்யக்கூடியது மூட்டையே அசையாதபடி தகடு வைத்து ஒட்டிவிடுவது. அந்தக் குதிரை இனி ஓடாது, ஆனால் நடக்கும், குட்டி போடும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தோல் கிழியாமல் இருக்கவேண்டும், குளம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் பிழைத்திருக்கவேண்டும். ரஃபியன் நிற்காமல் ஓடிய அந்தப் பாய்ச்சல்களில் இரண்டுமே போய்விட்டன. இன்றைய மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தாலும் மருத்துவர்கள் தயங்கியிருப்பார்கள்.